சுவருக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று: உப்பு ஆலைக்கு அமைத்த கன்வேயர் பற்றிய மதிப்பீடு

தூத்துக்குடிக்கு வெளியே, கடலோரமாக உள்ள எங்கள் உப்பு அரைவை ஆலைக்கு ஒரு கன்வேயர் அமைப்பை வடிவமைத்து, தயாரித்து, நிறுவித் தரும் பணியை 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். 2023 பிப்ரவரியில், உப்பு வாரத் தொடங்கும் நேரத்தில், அது ஓடத் தொடங்கியது. மூன்று உப்புப் பருவங்களை அதனுடன் கழித்த பிறகே இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எவரிடம் வேலையைக் கொடுத்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதைப் படிப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

எங்கள் தேவை பார்வைக்கு எளிமையானது. திறந்தவெளியில் அம்பாரமாகக் கிடக்கும் உப்பை ஆலைக்குள் கொண்டுவர வேண்டும். உள்ளே அரைத்து, அயோடின் சேர்த்து, பொட்டலமிட்டு, லாரி வரை கொண்டுசேர்க்க வேண்டும். அதற்கு முன் எங்களிடம் இருந்தது, மூடப்பட்ட அரிசி ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் நன்றாக ஓடிய பழைய பெல்ட் கன்வேயர். விலை குறைவு என்று வாங்கி வெயிலில் நிறுத்தினோம். இரண்டே பருவங்களில் அதன் ரோலர்கள் துருப்பிடித்துச் சுழல மறுத்தன; சுழலாத ரோலரின் மேல் பெல்ட் உரசி உரசி அடிப்பக்கம் தேய்ந்தது; ரப்பரின் மேற்பரப்பில் மயிரிழைபோல வெடிப்புகள் தோன்றின. இயந்திரத்தின் மீது பழி சொல்ல எதுவும் இல்லை. அது கூரையின் கீழ் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. வெயிலையும் உப்புக்காற்றையும் அதற்கு யாரும் கணக்கிட்டிருக்கவில்லை.

ஆகவே புதிய நிறுவனத்தின் பொறியாளர்கள் விலைப்பட்டியல் கொடுக்கும் முன் இரண்டு நாள் எங்கள் ஆலையில் தங்கி அளவெடுத்ததைத்தான் இந்தச் சேவையின் முதல் சிறப்பாகச் சொல்வேன். விடியற்காலையிலும் நண்பகலிலும் தனித்தனியாக உப்பை எடுத்து, 20 லிட்டர் வாளியில் நிரப்பி எடை போட்டார்கள். காய்ந்த கல்லுப்பு 18 கிலோ நின்றது. ஈரமான பொடி கலந்த உப்பு 24 கிலோவைத் தொட்டது. ஒரே சரக்கு, ஒரே வாளி, மூன்றில் ஒரு பங்கு எடை வேறுபாடு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும் என்பது உப்புத் தொழிலில் உள்ள அனைவரும் கையால் உணர்ந்த விஷயம். எங்கள் கடலோர இரவுகளில் அது நாள்தோறும் நடக்கிறது. ஒரு பெல்ட் மணிக்கு எத்தனை டன் சுமக்கும் என்பது அதன் மீது உப்பு படுக்கும் குறுக்குப் பரப்பு, பெல்ட் ஓடும் வேகம், உப்பின் பருமன் அடர்த்தி (இடைவெளிகளோடு குவிந்த உப்பில் ஒரு கனமீட்டரின் எடை) ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது. மூன்றாவது எண்ணை ஏட்டிலிருந்து எடுத்திருந்தால், பனி இறங்கிய காலையில் பளு ஏறி மோட்டார் திணறியிருக்கும்.

அவர்கள் கொடுத்த கணக்குத் தாளில் ஐ.எஸ். 11592 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் அடிப்படையில் ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருந்தது. மணிக்கு 40 டன் தேவைக்கு 500 மி.மீ. அகலமுள்ள பெல்ட், நொடிக்கு 0.8 மீட்டர் வேகம், மொத்த நீளம் 62 மீட்டர்; பாதி தூரம் சமதளமாகச் சென்று, பிறகு 14 டிகிரி சரிவில் ஏறி, ஏறத்தாழ ஏழரை மீட்டர் உயரத்தில் ஆலைச் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. இன்னும் செங்குத்தாக ஏற்றினால் நீளமும் செலவும் குறையுமே என்று நான் கேட்டேன். காய்ந்த உப்பு ஏறிவிடும், ஆனால் அதிர்வில் கற்கள் உருண்டு கீழே வரும், விளிம்பில் சிந்தும், சிந்திய உப்பு ரோலரைத் தின்னும் என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் சரி என்பதை இந்த மூன்று ஆண்டுகளும் உறுதிப்படுத்தியுள்ளன. பெல்ட்டின் கீழே கூட்டிப் பெருக்குவதற்கு நாளொன்றுக்கு ஒருவர் அரை மணி நேரம் செலவிட்டால் போதுமானதாக இருக்கிறது.

வெளிப்பகுதியின் வடிவமைப்பில் அவர்கள் காட்டிய அக்கறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று நிற்காமல் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். மேல்காற்று உப்புப் பொடியை அள்ளிச் செல்வதோடு, சரக்கில்லாமல் ஓடும் பெல்ட்டை ரோலரிலிருந்து தூக்கிப் புரட்டவும் வல்லது. ஆகவே மேற்குப் பக்கம் முழுவதும் நிலையான மறைப்பும், கிழக்குப் பக்கம் மூன்று மீட்டருக்கு ஒன்றாகக் கீல் வைத்துத் திறக்கும் கதவுகளும் கொண்ட வளைந்த மூடியை அமைத்தார்கள். தகரத்துக்குப் பதிலாகக் கண்ணாடியிழை பிளாஸ்டிக்கைத் தேர்ந்தார்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகரம் மலிவுதான். ஆனால் உப்புக்காற்றில் அந்தப் பூச்சு வேகமாகக் கரைந்துவிடும். மூடி மழையைத் தடுப்பதற்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். ரப்பரை முதுமையாக்குவது வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும்தான், இழுவிசையில் இருக்கும் ரப்பரில் அந்த வெடிப்பு இன்னும் வேகமாகப் பரவும் என்று அவர்கள் சொன்னபோதுதான், எங்கள் பழைய பெல்ட்டில் கண்ட மயிரிழை வெடிப்புகளின் காரணம் எனக்குப் புரிந்தது.

பெல்ட்டின் உள்ளே இருக்கும் துணியும் கவனிக்கப்பட்டது. நைலான் துணி ஈரத்தை உறிஞ்சும், அதிகம் நீளும். பாலியெஸ்டர் கலந்தது குறைவாகவே நீளும். பின்னதைத்தான் கொடுத்தார்கள். பெல்ட்டின் இரு முனைகளின் இணைப்பை இரும்புக் கொக்கிகளால் பூட்டாமல், இடத்திலேயே சூடாக்கி ஒட்டும் வல்கனைசிங் முறையில் செய்தார்கள். கொக்கி இணைப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இது ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆயினும் கொக்கி துருப்பிடிக்கும், அதன் இடுக்கில் பொடி ஒழுகும். அந்த இணைப்பு இன்றுவரை பிரியவில்லை.

ரோலர்கள் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனால் ஆனவை. சட்டம் மட்டும் எஃகு. அதற்கு மணல் வீசித் துருவை நீக்கி, எப்பாக்சி முதற்பூச்சும் பாலியூரித்தேன் மேற்பூச்சும் அடித்திருந்தார்கள். கடலோரச் சூழலைக் கடுமையான அரிப்புப் பிரிவில் வைக்கும் ஐ.எஸ்.ஓ. 12944 தரத்தைக் குறிப்பிட்டு, பூச்சின் தடிமனை எங்கள் முன்னாலேயே கருவி வைத்து அளந்து காட்டினார்கள். 62 மீட்டர் எஃகு, விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 35 டிகிரி சூடேறினால் சுமார் 26 மி.மீ. நீளும். அதற்காகத் தாங்குதூண்களின் போல்ட் துளைகளை நீள்துளையாக வெட்டியிருந்தார்கள். பழைய கன்வேயரில் மதிய நேரத்தில் பெல்ட் ஒருபக்கமாக ஓடியதை நாங்கள் ரோலரின் குறையாக நினைத்து எத்தனையோ முறை சரிசெய்திருக்கிறோம். நகர வழியில்லாமல் சட்டமே நெளிந்திருக்கிறது.

ஏறுசரிவில் ஓடும் பெல்ட்டுக்கு மின்வெட்டு ஓர் ஆபத்து. பளுவோடு நின்றால் பெல்ட் பின்னோக்கி ஓடி, மொத்த உப்பையும் கீழ்முனையில் கொட்டிவிடும். அங்கே ஆள் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கியர்பாக்ஸுடன் இணைந்த பின்னோட்டத் தடுப்பான் ஒவ்வொரு மின்வெட்டிலும் பெல்ட்டை அதே இடத்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இரு பக்கமும் முழு நீளத்துக்கும் அவசர நிறுத்தக் கயிறு உள்ளது. கீழ்முனை உருளையைச் சுற்றிக் கையோ சேலைத் தலைப்போ நுழைய முடியாதபடி வலைக்கூண்டு பூட்டப்பட்டிருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெல்ட் உருளையைத் தொடும் இடம் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் இடம். விலைப்பட்டியலில் இந்தக் கூண்டைத் தனி வரியாகக் காட்டி, வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம் என்று எழுதும் நிறுவனங்களையும் கண்டிருக்கிறேன். இவர்கள் அதை நீக்கவே முடியாத பகுதியாக வைத்திருந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இவர்களை மதிக்கிறேன்.

இனி, இந்த அமைப்பின் உயிர்நிலை என்று நான் கருதும் இடத்துக்கு வருகிறேன். அது சுவர். வெளி பெல்ட் கொண்டுவரும் உப்பு ஒரே சீராக வராது. அம்பாரத்திலிருந்து ஏற்றுபவரின் கைவேகம், உப்பின் ஈரம், காற்று எல்லாம் அதை மாற்றும். உள்ளேயோ சீர்மைதான் எல்லாம். அயோடின் சேர்ப்பதற்கு நாங்கள் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிக்கிறோம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் வேண்டுமானால், ஒரு டன் உப்புக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 50 கிராம் அயோடேட். ஒரு கைப்பிடிக்கும் குறைவான அந்தப் பொடி ஆயிரம் கிலோ உப்பில் எங்கும் சமமாகப் பரவ வேண்டும். தெளிப்பான் ஒரே அளவில் தெளித்துக்கொண்டிருக்க, கீழே ஓடும் உப்பு ஒருமுறை மெலிந்தும் ஒருமுறை தடித்தும் சென்றால், ஒரு பொட்டலத்தில் அயோடின் மிகும், அடுத்ததில் குறையும். முன்பு கூடையில் கொண்டுவந்து கொட்டிய காலத்தில், ஒரே நாளில் எங்கள் ஆய்வு மேசையில் எடுத்த மாதிரிகளில் ஒன்று 20 பிபிஎம்முக்குக் (கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு) கீழேயும் இன்னொன்று 45-க்கு மேலேயும் காட்டியதுண்டு. வாங்குபவரின் கைக்குச் சேரும்போது 15 பிபிஎம்முக்குக் குறையக்கூடாது என்ற விதியை நினைத்து அந்நாட்களில் நான் நிம்மதியாக உறங்கியதில்லை.

இந்நிறுவனம் வெளி பெல்ட்டையும் உள் பெல்ட்டையும் நேரடியாக இணைக்க மறுத்துவிட்டது. நாங்கள் கேட்டது ஒரே நீண்ட கன்வேயர். அவர்கள் சுவரை ஒட்டி உட்புறத்தில் ஆறு கனமீட்டர் கொள்ளளவுள்ள ஹாப்பர் (மேலே அகன்று கீழே குறுகும் தொட்டி) ஒன்றை நிறுத்தி, வெளிப் பெல்ட் அதில் கொட்டவும், அதன் அடியில் வேகத்தை மாற்றக்கூடிய சிறு ஊட்டப் பெல்ட் அரைவைக்கும் தெளிப்புக்கும் உப்பை அளந்து கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். ஹாப்பரின் வாயிலிலுள்ள ஏற்றி இறக்கும் தகடு உப்புப் படுகையின் தடிமனை நிர்ணயிக்கிறது. மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. வெளியே சில நிமிடங்கள் நின்றாலும் உள்ளே வேலை நிற்பதில்லை. ஈர உப்பு ஹாப்பருக்குள் கீழே இறங்காமல் இறுகிப் பாலம் கட்டி நிற்கும் என்ற அச்சத்துக்கு விடையாகச் சுவர்களை 60 டிகிரி சரிவில் அமைத்து, வழுவழுப்பான பாலிஎத்திலீன் பலகைகளை உள்ளே பதித்திருந்தார்கள். இப்போது எங்கள் மாதிரிகள் 30-க்கும் 36-க்கும் இடையே நிற்கின்றன. கன்வேயர் விலையில் ஹாப்பருக்கான பங்கைக் கண்டு முதலில் முகம் சுளித்தவன் நான். இன்று முழு அமைப்பிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

சுவரிலுள்ள திறப்பில் ஒன்றன்மேல் ஒன்று படியும் பிளாஸ்டிக் திரைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெளியின் ஈரக்காற்றும் பறவைகளும் உள்ளே வராமல் இருக்க அவை பெருமளவு உதவுகின்றன.

உட்பகுதியைப் பற்றிச் சொல்வதற்குக் குறைவே. பொட்டலங்கள் செல்லும் பெல்ட் உணவுக்கு ஏற்ற வெள்ளை பி.வி.சி.; நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில், ரோலர்கள் இல்லாமல் வழுவழுப்பான தகட்டின் மேல் சறுக்கி ஓடுகிறது. இங்கே காற்றும் வெயிலும் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். மேசை உயரம், அவசரப் பொத்தான் கைக்கெட்டும் தூரம், பெல்ட்டைக் கடந்துசெல்லச் சிறு படிப்பாலம், கூட்டித் துடைக்கும் துடைப்பம் அடியில் நுழையும் அளவுக்குத் தரையிலிருந்து இடைவெளி ஆகியவையே உள்ளே வடிவமைப்பாளர் யோசிக்க வேண்டியவை, அவற்றை யோசித்திருந்தார்கள். முன்பு தலைச்சுமையாக உப்பு கொண்டுவந்த பெண்களில் ஒன்பது பேர் இப்போது இந்தப் பெல்ட்டின் இருபுறமும் அமர்ந்து பொட்டலங்களைச் சரிபார்க்கிறார்கள். இருக்கையின் உயரத்தை அவர்களை உட்காரவைத்துப் பார்த்தே முடிவுசெய்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். பெல்ட்டை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கும் எடைத்தொங்கல், வழிகாட்டிக் கம்பிகளுக்கு இடையே மேலும் கீழும் நழுவ வேண்டும். அந்தக் கம்பிகளைச் சாதாரண எஃகில் செய்து பூச்சு அடித்துவிட்டார்கள். உரசும் இடத்தில் பூச்சு எத்தனை நாள் நிற்கும்? நான்காவது மாதத்தில் கம்பி துருப்பிடித்து எடை பாதி வழியில் சிக்கிக்கொள்ள, காலையில் இயக்கும்போது உருளை சுழன்றும் பெல்ட் நகரவில்லை. புகார் கொடுத்து ஆறு வாரங்கள் கழித்தே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் நைலான் புஷ்களும் வந்தன. செலவை அவர்களே ஏற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அது பருவத்தின் உச்சம், அந்த ஆறு வாரமும் தினமும் காலையில் இருவர் கம்பியைத் தட்டி எடையை இறக்க வேண்டியிருந்தது. உப்பு ஆலையின் ஒவ்வொரு ரோலருக்கும் யோசித்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

உள்ளே உள்ள சட்டங்களுக்கு 304 ரகம் கொடுத்தார்கள். அயோடேட் தெளிக்கும் இடத்துக்கு மட்டும், மாலிப்டினம் கலந்திருப்பதால் குளோரைடு அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரகம். தெளிப்பிடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் 304 கால்களில், தரையைத் துடைக்கும் ஈரம் படும் ஒரு சாண் உயரம் வரை பழுப்புக் கறையும் ஊசித்துளை அரிப்பும் தொடங்கிவிட்டன. கால்களின் அடிப்பகுதியை மட்டும் 316-இல் செய்திருந்தால் செலவு பெரிதாக ஏறியிருக்காது.

உதிரி ரோலர் கிடைப்பதும் ஒரு சிக்கல். ரோலர்களுக்கு ஐ.எஸ். 8598 என்ற தரம் இருக்க, இவர்கள் தங்கள் சொந்த அளவில் அச்சு முனையை வெட்டியிருந்ததால், உள்ளூர்க் கடைகளில் வாங்கியது பொருந்தவில்லை. ஒருமுறை பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். இப்போது இருபது ரோலர்களை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த பெருமழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. எங்கள் அம்பாரங்களில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. கன்வேயரைப் பொறுத்தவரை, மோட்டாரும் கியர்பாக்ஸும் மின்பெட்டியும் மேல்முனையில் இருந்ததால் தப்பின. வடிவமைப்பின்போது மோட்டாரைக் கீழே வைத்தால் பராமரிப்பு எளிது என்று நான் சொல்லியும், இழுக்கும் உருளை மேல்முனையில் இருப்பதே இழுவிசைக்கும் உகந்தது, வெள்ளத்துக்கும் பாதுகாப்பு என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். கீழ்முனை மூன்று நாள் நீரில் மூழ்கியிருந்தது. அங்கே உப்பு ஏற்றுவதற்காகத் தரையைத் தோண்டி அமைத்த குழிக்கு நீர் வெளியேறும் வழி வைக்கப்படவில்லை. மழை விட்ட பிறகும் உப்புநீர் அங்கேயே தேங்கி, நான்கு பேரிங்குகளும் வீணாயின. அவ்வளவு மழையை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. சாதாரண ஐப்பசி மழைக்கே அந்தக் குழியில் முழங்கால் நீர் நின்றது என்பதால் இதைக் குறையாகவே கணக்கில் எழுதுகிறேன். பிறகு நாங்களே குழியை மூடி, ஏற்றுமிடத்தைத் தரைக்கு மேல் உயர்த்தி, பக்கத்தில் மண்சரிவு கட்டினோம்.

பயன்பாட்டில் கற்ற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிறுவிய முதல் வாரத்தில் எங்கள் மேஸ்திரி வந்து, "அண்ணாச்சி, ராத்திரி நிறுத்துன பெல்ட்டுல காலையில உப்பு ஓடு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். பெல்ட்டின் மேல் மெல்லிய ஈரப்படலமாகத் தங்கும் உப்பு காலைக்குள் இறுகிவிடுகிறது. மறுநாள் அது திரும்பும் பக்க ரோலர்களில் ஏறி பெல்ட்டை ஒருபுறம் தள்ளுகிறது. இரண்டு அடுக்குச் சுரண்டிகள் இருந்தும், வேலை முடிந்த பிறகு பெல்ட்டைப் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டால்தான் அது சுத்தமாகிறது. இதை நிறுவனத்தின் கையேடு சொல்லவில்லை.

உப்பு, உரம் போன்ற அரிக்கும் சரக்கைத் திறந்தவெளியிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டியவர்களுக்கு இந்த வகைச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழுவதும் கூரையின் கீழ் இயங்கும் ஆலைகளுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. அங்கே உள்ளூர்ப் பட்டறையே நன்றாகச் செய்து கொடுக்கும். லாரியில் ஏற்றும் இடத்துக்கு இரண்டாவது கன்வேயரை இதே நிறுவனத்திடமே கேட்டிருக்கிறோம். பாதி கூரையின் கீழும் பாதி மழையிலும் நிற்கப் போகும் அதற்கான ஒப்பந்தத்தில், எடைத்தொங்கல் கம்பிகளும் கால்களின் அடிப்பகுதியும் 316 ரகம், ரோலர் அச்சுகள் ஐ.எஸ். 8598 அளவு, எந்தக் குழிக்கும் வடிகால் கட்டாயம், பருவ மாதங்களில் புகாருக்கு ஏழு நாளுக்குள் ஆள் வர வேண்டும் என்ற நான்கு நிபந்தனைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். முதல் மூன்றுக்கும் உடனே ஒப்புதல் வந்துவிட்டது. நான்காவதற்குப் பத்து நாள் கேட்கிறார்கள், நான் ஏழிலேயே நிற்கிறேன்.